மூன்று கட்டம் கீழே

நான் ஆராய்ச்சி செய்த பொருளை ஆரணியில் யாருக்கும் புரியவைக்க முடிந்ததில்லை. சொல்லிச் சொல்லி வாய்தான் வலித்தது. "அது எங்க கிடைக்கும்?" என்பார்கள். எங்கும் கிடைக்காது. "அப்ப எங்க வெச்சிருக்காங்க?" வைக்கவும் முடியாது, உண்டாக்கினால் கண் மூடித் திறப்பதற்குள் உடைந்துபோகும். "அப்ப அதுல இன்னா ஆராய்ச்சி?" எவ்வளவு நேரம் உடையாமல் இருக்கும் என்பதுதான் ஆராய்ச்சி. இதைக் கேட்டதும் என் சித்தி முகத்தில் ஒரு பரிதாபம் வரும் பாருங்கள், அதற்குப் பயந்தே கல்யாண வீடுகளுக்குப் போவதை விட்டுவிட்டேன்.

விஷயம் ஒன்றும் பெரிய மாயமில்லை. அணுவின் கருவுக்குள் புரோட்டான்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே இருக்கின்றன. அவற்றைச் சேர்த்துப் பிடிக்கிற விசை பக்கத்தில் இருப்பதைத்தான் பிடிக்கும். தள்ளுகிற விசையோ எட்டத்தில் இருப்பதையும் விடாது. அதனால் புரோட்டான்கள் கூடக் கூடத் தள்ளுகிற பக்கத்தின் கைதான் ஓங்கும். யுரேனியத்தைத் தாண்டி மனிதர்கள் செய்த தனிமங்கள் பெரும்பாலும் கனம் ஏற ஏறச் சீக்கிரம் உடைகின்றன. ஆனால் சில எண்ணிக்கைகளில் மட்டும் கரு இறுகி நிற்கும். ஈயம் அப்படி நிற்கிறது. அடுத்த இறுக்கம் நூற்றுப் பதினாலு புரோட்டான், நூற்றெண்பத்து நாலு நியூட்ரான் என்கிற இடத்தின் பக்கம் வரலாம் என்று கணக்குப் போட்டவர்கள் சொன்னார்கள். அந்த இடத்துக்கு நிலைப்புத் தீவு என்று பெயர். யாரும் அங்கே போய்ச் சேர்ந்ததில்லை. அந்தத் தீவைச் சுற்றியுள்ள கருக்கள் ஆல்ஃபா துகளைத் துப்பிவிட்டு உடைய எத்தனை நேரமாகும் என்று கணக்கிடுவது என் வேலை.

இதில் என்ன சௌகரியம் என்றால், ஆய்வுக்கூடம் வேண்டாம். அது இருக்கிற ஊரிலும் நான் இல்லை. பட்டு விற்கிற குடும்பத்தில் பிறந்து, எம்.எஸ்ஸி. முடித்து, சேத்துப்பட்டு சாலையில் ஒரு மெட்ரிக் பள்ளியில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். பகுதி நேர ஆராய்ச்சி மாணவியாகப் பதிவு செய்தது தொண்ணூறுகளின் பின்பாதியில். வழிகாட்டி, பஸ்ஸில் போய் வருகிற தூரத்தில் ஒரு கல்லூரிப் பேராசிரியர். அவரை நான் சார் என்றுதான் கூப்பிட்டேன், இங்கேயும் அப்படியே சொல்கிறேன். பட்டம் கிடைத்தால் கல்லூரி வேலைக்கு மனுப் போடலாம். கிடைக்காவிட்டால் ஆயுசுக்கும் ஓம் விதியைக் கத்திக்கொண்டு கிடக்க வேண்டியதுதான். எனக்கு அந்தப் பட்டம் அவ்வளவு வேண்டியிருந்தது. ஆசை என்று சொல்வதில் வெட்கமென்ன, வெறி என்றே சொல்கிறேன்.

ஆய்வுக்கூடம் வேண்டாமே தவிர, கம்ப்யூட்டர் வேண்டும். அந்தக் காலத்தில் ஆரணியில் அது எங்கே இருந்தது என்று நினைக்கிறீர்கள்? பாங்கில் இருந்தது, தொடக்கூடாது. அதை விட்டால் கொசப்பாளையத்தில் என் பெரியப்பா மகனுடைய டிசைன் கடையில் இருந்தது. புடவையில் பூ விழ, தறியின் தலையில் ஏறும் ஜக்கார்டு பெட்டிக்குத் துளை அட்டை குத்த வேண்டும். அட்டை குத்துவதற்கு முன்னால் மயிலோ மாங்காயோ எதுவானாலும் கட்டம் கட்டமாக வரைய வேண்டும். அண்ணன் அதை முதலில் கையால் கட்டத்தாளில் வரைந்துகொண்டிருந்தார். பிறகு ஊரில் மற்றவர்கள் யோசித்துக்கொண்டிருந்தபோதே கம்ப்யூட்டர் வாங்கிவிட்டார். மத்தியானம் அவர் சாப்பிடப் போகும் நேரமும், பள்ளி விடுமுறை நாட்களும் எனக்கு. ஃப்ளாப்பியைச் சொருகி என் ஃபோர்ட்ரான் நிரலை ஓட விட்டுவிட்டுக் காத்திருப்பேன். பாதியில் கரண்ட் போகும். போனால் முதலிலிருந்து. அண்ணன் சாப்பிட்டு வந்து பார்த்து, "இன்னாம்மா, உன் அணு வந்துச்சா, பாதி வழில நின்னுடுச்சா?" என்று கேட்பார். எரிச்சலாக இருக்கும். ஆனால் ஒருநாளும் அவர் என்னை எழுந்திரு என்று சொன்னதில்லை.

அந்தக் கடையின் வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தேவிகாபுரத்திலிருந்தும் சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்தும் நெசவுக்காரர்கள் பழைய அட்டையோ, புடவைத் துண்டோ, கையால் போட்ட படமோ கொண்டுவருவார்கள். அதில் எங்காவது ஒரு கட்டம் தப்பி நிற்கும். ஒரு கட்டம்தானே என்று விட முடியாது. அந்தத் தப்பு ஒவ்வொரு பூவிலும் வரும், புடவை நெடுக வரும், புடவை புடவையாக வரும். அதனால் எந்தப் படமானாலும் அண்ணன் ஓரத்திலிருந்து ஓரம்வரை கண்ணை ஓட்டி, தப்பின கட்டத்தைத் திருத்திவிட்டுத்தான் பிரிண்ட் போடுவார். கொண்டுவந்தவரைக் கேட்க மாட்டார். கேட்டால் அண்ணனுக்குத் தொழில் தெரியவில்லை என்று அர்த்தம், கொண்டுவந்தவருக்கும் அவமானம். கேட்காமல் திருத்தி, திருத்தினேன் என்று சொல்லாமல் கொடுப்பதுதான் அங்கே மரியாதை. நான் அத்தனை நாள் அந்தக் கடையில் உட்கார்ந்து இதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

தொண்ணூற்றொன்பதில் அந்தச் செய்தி வந்தது. அமெரிக்காவில் ஒரு பெரிய சோதனைக்கூடத்தில் நூற்றுப் பதினெட்டாவது தனிமத்தை உண்டாக்கிவிட்டார்கள், அது ஆல்ஃபா துகளைத் துப்பித் துப்பி நூற்றுப் பதினாறு, நூற்றுப் பதினாலு என்று படியிறங்கியதையும் பார்த்துவிட்டார்கள் என்று. சார் என்னைப் பள்ளிக்கே போன் செய்து கூப்பிட்டார். போனேன். மனுஷன் நிலைகொள்ளாமல் இருந்தார். அந்த வரிசையில் உள்ள ஒவ்வொரு கருவுக்கும் நம் சூத்திரத்தில் ஆயுள் போட்டுப் பார், அவர்கள் அளந்ததோடு ஒத்துவந்தால் உடனே கட்டுரை, வருகிற கருத்தரங்குக்கே அனுப்பிவிடலாம் என்றார். எனக்கும் சந்தோஷம் தாங்கவில்லை. இல்லாத பொருள் என்று ஊரே சிரித்த ஒன்று கடைசியில் வந்துவிட்டதே.

கணக்குப் போட்டேன். வரிசையில் எல்லாம் ஒத்துவந்தது, ஒன்றைத் தவிர. நடுவில் உள்ள ஒரு கருவுக்கு என் சூத்திரம் சொன்ன ஆயுள், அவர்கள் சொன்னதைவிட ஏறக்குறைய ஆயிரம் மடங்கு அதிகம். மறுபடி போட்டேன். வேறு விதமாகப் போட்டேன். விடை அசையவில்லை. இதை வைத்து அவர்கள் பொய் சொல்கிறார்கள் என்றெல்லாம் நான் நினைக்கவே இல்லை. என் சூத்திரம் அந்த இடத்தில் நொண்டுகிறது என்றுதான் நினைத்தேன். நொண்டினால் நொண்டுகிறது என்று எழுத வேண்டும், அவ்வளவுதான்.

படம் போட வேண்டும். அதற்கென்று தனி மென்பொருள் என்னிடம் ஏது? அண்ணனுடைய டிசைன் மென்பொருளில்தான் கட்டம் இருந்தது, அதிலேயே போட்டேன். குறுக்கே ஒவ்வொரு கருவாக, உயரவாட்டில் ஆயுள். ஒரு கட்டம் மேலே போனால் ஆயுள் பத்து மடங்கு. அவர்கள் அளந்ததற்கு வெற்றுக் கட்டம், நான் கணக்கிட்டதற்கு நிரப்பின கட்டம். வரிசை படிப்படியாக ஏறிக்கொண்டே போனது, அந்த ஒரு புள்ளி மட்டும் மூன்று கட்டம் மேலே எகிறி நின்றது. சேமித்துவிட்டு, பள்ளி மணியடிக்கிற நேரமாகிவிட்டதால், "அண்ணா, பிரிண்ட் போட்டு வெச்சிடுங்க, சாயங்காலம் வந்து வாங்கிக்கறேன்" என்று சொல்லிவிட்டு ஓடினேன்.

சாயங்காலம் கவரில் போட்டு வைத்திருந்தார். மழை தூறிக்கொண்டிருந்தது, கடைசிக்கு முந்தின பஸ் கிளம்ப நின்றது. கவரைப் பிரிக்காமலே கொண்டுபோய் சாரிடம் கொடுத்தேன். எகிறி நிற்கும் புள்ளியைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் வீட்டுக்கு யாரோ வந்துவிட்டார்கள், "நான் பார்த்துக்கறேன், நீ கிளம்பு, பஸ் போயிடும்" என்று அனுப்பிவிட்டார். மறுநாளே கட்டுரையை எழுதி அனுப்பிவிட்டார். அவ்வளவு அவசரம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கடைக் கம்ப்யூட்டரில் அந்தப் படத்தின் கோப்பைத் திறந்தேன். படி அழகாக ஏறிப் போனது. ஒரு புள்ளியும் எகிறவில்லை. அண்ணன் பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணா, இதுல ஒரு கட்டம் மட்டும் மேல எகிறி இருந்துச்சே."

"ஆமா. தப்பிகினு இருந்துச்சு. இறக்கிட்டேன்."

"யாரக் கேட்டு?"

அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். "இதுக்குப் போய் கேப்பாங்களா? எல்லாம் படி மாதிரி ஏறிகினே போவுது, அது ஒண்ணு மட்டும் துருத்திகினு கீது. பொடவையோட கோபுரக் கரையில இப்டி வந்தா விடுவனா? நீ ஜல்தில ஓடிட்ட, அவசரத்துல ஏறிடுச்சுன்னு நெனச்சேன். மூணு கட்டம்தானே."

மூன்று கட்டம்தான். ஆயிரம் மடங்கு. அவரிடம் அதை எப்படிச் சொல்வது? கத்தினேன். அந்தக் கடையில் யாரும் அவரிடம் அப்படிக் கத்தியதில்லை. அட்டை குத்துகிறவர்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அவர் முகம் சுண்டிப்போயிற்று. ஆனாலும் எழுந்து ஸ்கூட்டரை எடுத்தார். "வா, பஸ் ஏத்திவிடறேன். போய் சார் கிட்ட சொல்லிடு, மாத்திப் போட்டுடுவாரு" என்றார்.

சார் வீட்டு வாசலில் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். நடந்ததை அப்படியே சொன்னேன். படத்தில் உள்ள புள்ளி நம் கணக்கு இல்லை சார், டிசைன் கடையில் இறக்கிவிட்டார்கள், கருத்தரங்குக்கு எழுதித் திருத்திவிட வேண்டும் என்றேன். அவர் பதறவில்லை. அதுதான் என்னை முதலில் உறுத்தியது. ட்யூபைக் கீழே போட்டுவிட்டு, நிதானமாகச் சொன்னார்: "அளந்து சொன்னவன் அமெரிக்காவுல இருக்கான். நாம கணக்குப் போட்டவங்க. புள்ளி ஒத்துவரலேன்னா தப்பு யார் பக்கம்? பாராமீட்டரைக் கொஞ்சம் தட்டினா அங்கதான் வரப்போகுது. உங்க அண்ணனுக்குத் தெரிஞ்சது உனக்குத் தெரியலையேம்மா."

தட்டிப் பார்த்துவிட்டேன் சார், அந்தப் புள்ளியை இறக்கினால் பக்கத்துப் புள்ளிகளெல்லாம் கூடவே இறங்கிவிடுகின்றன என்றேன். அது உண்மை. ஆல்ஃபா துகள் தடுப்பைத் துளைத்து வெளியே வரும் கணக்கு அப்படிப்பட்டது, ஒரு இடத்தில் இம்மி மாற்றினால் வேறு இடத்தில் மலை ஏறும். அவர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. "கட்டுரை போயாச்சு. நீ தீசிஸைப் பாரு. அது என் கையெழுத்துலதான் போகணும், ஞாபகம் வெச்சுக்கோ" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

நான் இறக்கவில்லை. ஆய்வேட்டில் அந்தப் புள்ளியை அது இருந்த இடத்திலேயே வைத்தேன். பிரதியைக் கொண்டுபோய்க் கொடுப்பேன், அவர் திருப்பிக் கொடுப்பார். மொழி சரியில்லை என்பார், மேற்கோள் போதாது என்பார், முன்னுரையை மாற்று என்பார். புள்ளியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். ஆனால் அதுதான் காரணம் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். என்னோடு பதிவு செய்தவர்கள் ஒவ்வொருவராகப் பட்டம் வாங்கிப் போனார்கள். அம்மா மாப்பிள்ளை வீட்டாரிடம், "படிச்சிகினு கீறா" என்று சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், கடைசியில் சொல்வதையே நிறுத்திவிட்டாள். என் பிடிவாதத்துக்குப் பெயர் திமிர் என்று வீட்டில் முடிவாயிற்று. இருக்கட்டும்.

அந்தக் காலமெல்லாம் அண்ணன் கடைக்குத்தான் போய்வந்தேன். வேறு வழி இல்லை. நான் கத்தியதை அவர் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. கம்ப்யூட்டரில் என் கோப்பை மட்டும் அதன் பிறகு தொடவே மாட்டார். பிரிண்ட் போடுவதானாலும் என்னையே போடச் சொல்லிவிட்டு எழுந்து வெளியே போய்விடுவார்.

இரண்டாயிரத்து ஒன்றில் அந்தச் சோதனைக்கூடமே அறிவித்தது: நூற்றுப் பதினெட்டு இல்லை. அவர்களே மறுபடி செய்து பார்த்தும் வரவில்லை, மற்ற நாடுகளில் செய்து பார்த்தவர்களுக்கும் வரவில்லை, பழைய பதிவுகளைத் தோண்டினால் அந்தப் படியிறக்கம் அவற்றில் காணவே இல்லை. அடுத்த வருஷம், ஒரே ஒருவர் அந்த எண்களை இட்டுக்கட்டினார் என்றும் விசாரித்துச் சொல்லிவிட்டார்கள். பின்னால் வேறு இடத்தில், வேறு கூட்டத்தார் அந்தத் தனிமத்தின் வேறொரு வகையை உண்டாக்கிவிட்டதாகச் சொன்னார்கள், அது வேறு கதை. தொண்ணூற்றொன்பதில் வந்ததாகச் சொன்னது வரவே இல்லை. நான் ஆயிரம் மடங்கு தப்பு என்று எந்தப் புள்ளிக்காக அவமானப்பட்டேனோ, அதற்கு எதிரே இருந்த வெற்றுக் கட்டத்தில் ஒன்றுமே இல்லை. என் புள்ளி சரி என்று இதனால் ஆகிவிடாது. இல்லாத ஒன்றோடு ஒத்துவராமல் போனதில் என்ன பெருமை? ஆனால் அதோடு ஒத்துப்போகிறேன் என்று பல்லை இளித்துக்கொண்டு நிற்கவில்லை, அது போதும் எனக்கு.

செய்தி வந்த பேப்பரை எடுத்துக்கொண்டு சாரிடம் ஓடினேன். இனி கையெழுத்துப் போடத்தானே வேண்டும்? பைத்தியக்காரி. அவர் மேஜையில் எனக்கு முன்பே ஒரு கடிதம் வந்து உட்கார்ந்திருந்தது. வேறு ஏதோ பல்கலைக்கழகத்தில் ஒருவர் எங்கள் கட்டுரையில் உள்ள சூத்திரத்தை எடுத்துத் தானே கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறார். எல்லாம் வருகிறது, ஒரு புள்ளி மட்டும் உங்கள் சூத்திரத்திலிருந்தே வரவில்லையே, எப்படி வரைந்தீர்கள் என்று கேட்டு, எங்கள் பல்கலைக்கழகத்துக்கும் ஒரு நகல் அனுப்பியிருந்தார். பொய்யான ஒன்றோடு ஒத்துப்போகிற மாதிரி புள்ளி வரைந்திருந்தால் யாருக்குத்தான் சந்தேகம் வராது?

சார் என் முகத்தைப் பார்க்காமலே, "நீதானேம்மா படம் கொடுத்த?" என்றார்.

அங்கேயே புரிந்துவிட்டது. பல்கலைக்கழகத்தில் விசாரிக்க மூன்று பேர் கொண்ட குழு போட்டார்கள். படத்தை மாணவி கொடுத்தார், நான் நம்பி அனுப்பினேன், புள்ளி மாற்றப்பட்டது எனக்குத் தெரியாது, அவர் என்னிடம் சொல்லவே இல்லை என்று சார் எழுதிக் கொடுத்தார். சொன்னேன் என்று நான் எழுதிக் கொடுத்தேன். அவர் செடிக்குத் தண்ணீர் ஊற்றும்போது சொன்னதற்கு நான் யாரைச் சாட்சிக்குக் கூப்பிடுவது, செம்பருத்தியையா? என் கணக்கின் அச்சுப் பிரதியைக் காட்டினேன். "இத எப்போ வேணும்னாலும் அடிச்சிருக்கலாமே" என்றார் ஒருவர். தவறு தெரிந்த உடனே நான் சாரிடம் சொன்னேன் என்று குழு நம்பினால், வேறு வழிகாட்டியின் கீழ் ஆய்வேட்டைக் கொடுக்கலாம். நம்பாவிட்டால் பதிவு ரத்து. இரண்டில் ஒன்று.

படத்தைக் கையால் தொட்டவரை விசாரிக்க வேண்டும் என்று குழு சொன்னது. எனக்கு உயிர் வந்த மாதிரி இருந்தது. அன்றைக்கு என்னைப் பஸ் ஏற்றிவிட்டவர் அண்ணன்தான். திரும்பி வந்து சார் என்ன சொன்னார் என்று நான் வரி விடாமல் கொட்டித் தீர்த்ததும் அவரிடம்தான். உலகத்தில் அது தெரிந்த ஒரே ஆள். போகும்போது பஸ்ஸில் சொன்னேன்: "அண்ணா, நான் சார் கிட்ட போய் சொன்னேன்னு மட்டும் அடிச்சி சொல்லிடுங்க. மத்தத நான் பாத்துக்கறேன்."

"எனக்குத் தெரிஞ்சத சொல்றேம்மா. எதுக்கு பேஜாராவற?" என்றார். அதை நான் சரி என்று எடுத்துக்கொண்டேன்.

வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. குழுத் தலைவராக இருந்த வேதியியல் பேராசிரியை மரியாதையாகத்தான் கேட்டார்.

"இந்தப் புள்ளிய இறக்கினது நீங்களா?"

"நான்தாங்க."

"இவங்க இறக்கச் சொன்னாங்களா?"

"இல்லீங்க. இவளுக்குத் தெரியவே தெரியாதுங்க. எங்க தொழில்ல கேட்டுகினு செய்றது இல்லீங்க. தப்பா நின்னா இறக்கிடுவோம்."

ஒருவர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். பட்டுப் புடவைக் கடையில் அணுக்கருவைத் திருத்தியிருக்கிறார்கள் என்று அவருக்குள் கதை தயாராகிக்கொண்டிருந்தது எனக்குத் தெரிந்தது. போகட்டும், இதுவரை நல்லதுதான். என்னைக் காப்பாற்ற அடுத்த கேள்விதான் வேண்டும். அதையும் அந்த அம்மாள் கேட்டார்.

"அப்புறம் தெரிஞ்சதும், இவங்க போய் கைடு கிட்ட சொன்னாங்களா?"

அண்ணன் கொஞ்சம் யோசித்தார். சாரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அன்னிக்கு நான் பஸ் ஏத்திவிட்டேங்க. அங்க போய் சொன்னாளா இல்லியான்னு நான் பார்க்கலீங்க."

"அப்ப உங்களுக்குத் தெரியாது?"

"பார்த்திருந்தா சொல்லிடுவேங்க. பார்க்கலீங்க."

அவ்வளவுதான். தலைவர் எழுதிக்கொண்டார். சார் மேஜைமேல் இருந்த தண்ணீரை எடுத்துக் குடித்தார். நான் ஏதோ சொல்ல எழுந்தேன், உங்கள் தரப்பை எழுத்தில் கொடுத்துவிட்டீர்களே என்றார்கள். பதிவு ரத்து என்று தபாலில் வரச் சில வாரங்கள் ஆயின. எனக்கு அந்த அறையிலேயே வந்துவிட்டது.

பஸ் நிலையத்துக்கு நடந்தோம். அண்ணன் நிம்மதியாக இருந்தார். ஒரு பெரிய வேலையை முடித்த மாதிரி கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "உன் மேல தப்பில்லன்னு தெளிவா சொல்லிட்டேன் பார்த்தியா" என்றார். அதற்குமேல் என்னால் முடியவில்லை. நடு ரோட்டில் நின்றுவிட்டேன்.

"ஒரு வார்த்தைண்ணா. சொன்னான்னு ஒரு வார்த்தை. நான் உங்க கிட்ட வந்து எல்லாத்தயும் சொன்னேன் இல்ல? அது பொய்யா?"

"நீ பொய் சொல்லுவியாம்மா? எனக்குத் தெரியாதா?"

"அப்புறம் ஏன் சொல்லல?"

நான் எதற்குக் கேட்கிறேன் என்பதே அவருக்குப் பிடிபடவில்லை. ஊர் பேர் தெரியாத நெசவுக்காரனின் பூவில் ஒரு கட்டம் விட்டுப்போயிருந்தால் கேட்காமல் நிரப்புகிறவர். நான் ராப்பகலாகக் கணக்குப் போட்டு வைத்த புள்ளியைக் கேட்காமல் இறக்கினவர். என் வாழ்க்கையில் விட்டுப்போன அந்த ஒரே ஒரு கட்டத்தை நிரப்ப மட்டும் அவருக்குக் கை வரவில்லை.

"பார்க்காதத எப்டிம்மா சொல்றது?" என்றார்.

அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. பொய் சொன்ன சாரைக்கூட ஒருவேளை என்றைக்காவது மறந்துவிடுவேன். அண்ணனை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.